மெஹரின் மூக்கில் இருந்த கிருமி

மெஹர் போய்விட்டாள்.

காலையில் அவள் மகன் போன் செய்தான். "அம்மா மௌத்தாயிட்டாங்க ஆன்ட்டி... தூக்கத்துலயே. சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம்."

அழ வேண்டும்தான். ஆனால் அவளை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் முதலில் வருகிறது.

திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து மேஜை. சீழ், ரத்தம், சளி... எது வந்தாலும் அதில் என்ன கிருமி என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை.

ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று ஒரு கிருமி. அதில் முக்கியமான வகை, கிருமி வளர்க்கும் தட்டில் பொன் நிறத்தில் வளரும். "ஜானகி, தங்கம் வந்திருக்குடி" என்பாள். பெரிய கடைவீதி நகைக்கடைக்காரர் மகள், வேறெப்படிப் பேசுவாள்?

முன்பெல்லாம் அது அந்தத் தங்கம்தானா என்று உறுதி செய்ய மறுநாள்கூட ஆகும். உடனே காட்டிவிடும் ரேபிட் கிட் வந்த அன்று, அதன் அட்டையில் கிருமியைத் தடவி, கிட்டில் இருந்த திரவம் ஒரு சொட்டு விட்டு அசைத்தாள். கண்ணெதிரே திரிதிரியாகத் திரண்டது. கேன்டீன் மாஸ்டரைக் கூப்பிட்டுக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திக் காட்டினாள்.

"உங்க பால் திரியற மாதிரியே இருக்கு, பாருங்க மாஸ்டர்."

அப்புறம் கொஞ்ச நாள் எங்களுக்கு டீ ஆறித்தான் வந்தது...

குழந்தைகள் என்றால் அவளுக்கு உயிர். மதியம் சாப்பிட்டதும் மாடியில் பச்சைக்குழந்தைகள் வார்டுக்குப் போய், தூக்கிக் கொஞ்சிவிட்டுத்தான் வருவாள்.

ஒரு முறை அந்த வார்டில் சில குழந்தைகளுக்குத் தோலில் சீழ்க்கொப்புளம். ஒரு பெண் குழந்தைக்கு ரத்தத்திலேயே கிருமி ஏறிவிட்டது. ரேபிட் டெஸ்டில் எல்லாம் அந்தத் தங்கம்தான். மருந்தை உடனே ஆரம்பித்தார்கள்.

ஆனால் எங்கிருந்து வந்தது? இந்தக் கிருமி சிலர் மூக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கும். வார்டு ஆட்கள் எல்லோர் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டு ஸ்வாப் எடுத்தோம்.

"எனக்கும் எடு" என்றாள் மெஹர்.

"நீ லேப்தானே. உன்ன யாரு கேட்டா?"

"நானும்தானே தூக்குனேன். எடுடி."

எந்தக் கிருமி எந்தக் கிளை என்று பார்க்கும் டைப்பிங் ரிசல்ட் வந்தது. குழந்தைகளிடம் இருந்த அதே கிளை ஒரே ஒருவர் மூக்கில்தான்... மெஹர்.

அன்று அவள் சிரிக்கவில்லை. யாரும் சொல்லாமலே, அந்தப் பெண் குழந்தையின் அம்மாவை வார்டு வாசலுக்கு அழைத்தாள். முசிறிக்காரப் பெண்.

"எங்கிட்டேருந்துதாம்மா உன் புள்ளைக்கு வந்திருக்கு."

அந்தப் பெண் உள்ளே திரும்பிக் குழந்தையைப் பார்த்தாள். அதற்குள் காய்ச்சல் இறங்கி, பால் குடிக்க ஆரம்பித்திருந்தது.

"பொட்டப்புள்ளன்னு எங்க வீட்லேருந்து ஒருத்தரும் வந்து பாக்கலக்கா" என்றாள். "தினமும் வந்தது நீங்கதான்."

மெஹர் மூக்குக்கு மருந்து போட்டுக்கொண்டாள். மறு ஸ்வாப் சுத்தம் என்று நான் சொன்னதுதான் தாமதம்... முழங்கை வரை கை கழுவிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அவள் சிரிப்பு கீழே லேப் வரை கேட்டது.

அதற்கப்புறம் அந்தக் குழந்தையின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் முசிறி போய்விடுவாள். வரும்போது எனக்கும் ஒரு சீப்பு பூவன் பழம்.

இப்போதுதான் அவர்களுக்குப் போன் செய்தேன். அம்மாவும் மகளும் பஸ் ஏறிவிட்டார்களாம்.

நானும் ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்புகிறேன்.

இதோ வந்துடறேன், மெஹர்.