சட்டியோடு போன கறி

மே 8. காலை 9.10. வெளியே 12 டிகிரி, தூறல். கறிச் சட்டியை அடுப்பில் ஏற்றியதும் குறிப்பேட்டில் இப்படித்தான் எழுதினேன். இதில் ஒன்று குறைகிறது... அது எனக்குப் பன்னிரண்டரைக்குத்தான் தெரிந்தது.

அன்று அரசாங்க விடுமுறை. மகள் நிலானி கட்டிக்கொள்ள விரும்பும் பையனும் அவன் தாயும் நகருக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸிலிருந்து ஒரு மணிக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு. நாங்கள் கத்தோலிக்கர், அவர்கள் சைவர். ‘வேதக்கார வீட்டுப் பெட்டை வேண்டாம்’ என்று இரண்டு வருடமாக நின்ற தாய், முதல் தடவையாக எங்கள் படி ஏறப்போகிறார். அவர் முகம் சுளித்தால் கதை முடிந்தது. நிலானிக்கு வயது முப்பத்திமூன்று.

சாப்பாடு என் பொறுப்பு என்று சொல்லியிருந்தேன். எனக்குக் கைவந்த ஒரே சமையல் யாழ்ப்பாணத்து ஆட்டிறைச்சிக் கறி. எலும்போடு இரண்டு கிலோ, அறுபத்தெட்டுத் துண்டுகள். இருபத்திரண்டு செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம் — நானே கருக்க வறுத்து அரைத்த தூள். இந்தக் கறிக்கு அவசரம் ஆகாது. மெல்லிய சூட்டில் மூன்று மணித்தியாலம், கால்மணிக்கு ஒரு கிளறல். பன்னிரண்டாவது கிளறலில் எண்ணெய் மேலே வந்துவிட்டது. வாசம் மாடிப்படி இறங்கித் தெருவுக்கே போய்விட்டது.

நான் மரக்கறிதான் சமைப்பேன் என்று நம்பி, விடுமுறையிலும் காலையில் வேலைக்குப் போன நிலானி, பன்னிரண்டரைக்குக் கதவைத் திறந்தாள். அப்படியே நின்றாள்.

“அப்பா, இண்டைக்கு வாந்த்ரெதி.”

வெள்ளிக்கிழமை!

சைவ வீடுகளில் அன்று மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கிடையாது. மச்சம் புழங்கிய தட்டில்கூடச் சாப்பிடமாட்டார்கள். நானோ, இறைச்சி தவிர்க்கும் தபசு காலம் முடிந்ததும் வெள்ளியை மறந்துவிடுகிறவன். கடை பூட்டிக் கிடந்தால் எனக்கு அது ஞாயிறு. இதற்குள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும், மாடிப்படியைக்கூட எண்ணுகிறவன் நான். கிழமையை யார் எண்ணுவது?

நாலு ஜன்னலையும் திறந்தோம். வாசம் போகுமா? சட்டியைத் தூக்கிக் குளியலறையில் ஒளித்தேன். ஐம்பத்தெட்டுப் படி இறங்கி ரூ பெர்தொனே கடைத்தெருவுக்கு ஓடினேன் — எழுபத்தாறு வயதில். திறந்திருந்த ஒரே சாப்பாட்டுக் கடையில் நாலு மரக்கறிப் பார்சல். பக்கத்தில் கடதாசித் தட்டு. திரும்பியபோது மணி 1.04. அவர்கள் வந்துவிட்டார்கள்.

தாய் கதிரையின் நுனியில் இருந்தார். கைப்பை மடியில். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கடதாசித் தட்டில் பார்சல் சோற்றைப் பிசைந்தார். பதினொரு வாய். எழுந்துவிட்டார். பையன் தாயைப் பார்க்கிறான், நிலானி நிலத்தைப் பார்க்கிறாள். அவள் தன் தட்டைத் தொட்டபாடில்லை.

கை கழுவப் போனவர் குளியலறைக் கதவைத் திறந்தார்.

நான் எழுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கைகழுவும் தொட்டியின் கீழே சட்டி. அதன் முன்னால் அவர். முதுகு மட்டும் தெரிகிறது. எவ்வளவு நேரம் நின்றார்? கிழமையைத் தவிர அன்று நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

“எல்லாத்தையும் எண்ணுற மனுசன் எண்டு மகன் சொன்னவன். கிழமையை எண்ணேல்லையோ, அண்ணை?”

பதிலுக்கு நிற்காமல் அடுத்ததைக் கேட்டார்.

“தூள் வீட்டில வறுத்ததோ?”

“ஓம்.”

“நாளைக்குச் சனி, சாப்பிடலாம். சட்டியோட தாங்கோ. இண்டைக்கு நான் தொடமாட்டன், இவன் தூக்கட்டும்.” பிறகு நிலானியின் பக்கம் திரும்பினார். “சட்டியைத் திருப்பி எடுக்க நீர் அங்கை வாரும், பிள்ளை.”

நிலானி தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகுதான் தன் தட்டை இழுத்துச் சாப்பிடத் தொடங்கினாள்.

பையன் சட்டியைத் துணியால் கட்டி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே போனானாம். பெட்டி முழுக்க இவனைத்தான் பார்த்ததாம்.

இறைச்சி 33 யூரோ, தேங்காய்ப்பாலும் சரக்கும் 7.40, பார்சல் 36, கடதாசித் தட்டு 3.20. மொத்தம் 79 யூரோ 60 சதம். சட்டியைச் செலவில் எழுதவில்லை.