பாடகர் இராசேந்திரம்: ஒரு திருத்தமும் ஓர் அழைப்பும்

எனது பெயர் க. ஜெயசீலன். துறைமுகத்துக்கு அருகிலுள்ள எங்கள் சனசமூக நிலையத்தின் செயலாளர். ஒரு மரணத்தை அறிவிப்பதற்கும், அந்தச் செய்தியில் உள்ள ஒரு குறையைத் திருத்துவதற்குமாக இப்பதிவை எழுதுகிறேன்.

லிங்கநகர் இராசேந்திரம் அண்ணர் இன்று காலை காலமானார்.

நேற்றுப் பின்னேரம் வெருகலில், கோயில் திருவிழாவில் பாடியவர். காலையில் எழுந்து முற்றத்துக் கதிரையில் இருந்துகொண்டு தேத்தண்ணி கேட்டிருக்கிறார். அவரது மனைவி பாக்கியம் அக்கா குசினியிலிருந்து கொண்டு வருவதற்குள்... அவ்வளவுதான்.

இனித் திருத்தம். காலையிலிருந்து எனது ஃபோனுக்கு வரும் அஞ்சலிப் படங்கள் எல்லாவற்றிலும் "மத்தளக் கலைஞர்" என்றே போட்டிருக்கிறார்கள். அது பாதி விபரம்.

மத்தளம், உடுக்கு, றபான், ஹார்மோனியம், மண்டலின்... கையில் அகப்பட்டும் அவர் வாசிக்காமல் விட்ட வாத்தியத்தை நான் கண்டதில்லை. கூத்துக்கும் போவார், காவடிக்கும் போவார், கிண்ணியாவில் கல்யாண வீட்டுக்கும் போவார், பைலா ஆட்டப் பார்ட்டிக்கும் போவார்.

போன இடமெல்லாம் இன்னொருவருடைய பாட்டுக்குப் பின்னால் இருந்தவர்.

மேடை அறிவிப்பில் நான் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிப்பவன். முதலில் பாடுபவரின் பெயர், அதன் பிறகே வாசிப்பவர்களின் பெயர்கள். ஆகவே அவரது பெயர் எப்போதும் கடைசியில்தான் வரும்.

ஒரு நாள் நிலையத்துக்கு வந்து, எனது மேசைக்கு முன்னால் நின்றார்.

"செயலாளர், நான் தனியப் பாடப் போறன்."

"ஆற்ற பாட்டு, அண்ணர்?"

"என்ர பாட்டுத்தான். கட்டி வைச்சுக் கன காலம். பாட்டுக்காரர் ஓய்வெடுக்கிற வயசில நான் வெளிக்கிடுறன்... சிரிக்காதையும்."

நான் சிரிக்கவில்லை. பக்கவாத்தியம் யார் என்று கேட்டேன். கேட்க வேண்டியது ஒழுங்கு.

"அதுவும் நான்தான்."

"அப்ப பேரை ரெண்டு தரம் வாசிக்க வேண்டி வரும்."

"வாசியும். முதல் தரம் கொஞ்சம் சத்தமா வாசியும்."

வெளியில் பகிடி. உள்ளுக்குப் பயம். வாசிக்கிற மனிசன் பாடினால் சனம் இருந்து கேட்குமோ என்று அக்காவைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். எழும்பிப் போனால் இனி வாயே திறக்க மாட்டன் என்றும் சொல்லியிருக்கிறார்.

நிகழ்ச்சி அன்று மண்டபம் நிறைந்திருந்தது. அறிவிப்பைச் செய்துவிட்டு நான் ஓரத்துக்கு வந்தேன்.

அண்ணர் வந்தார், கும்பிட்டார், மைக்குக்கு முன்னால் கதிரை ஒன்றைத் தானே இழுத்து நேராக வைத்தார். வைத்துவிட்டு... பழக்கத்தில் அதற்குப் பின்னால் போய் நிலத்தில் அமர்ந்துவிட்டார்!

மண்டலினில் முன்னிசை தொடங்கியது. முடிந்தது. பாட்டு வரவில்லை. திரும்பவும் அதே முன்னிசை. மூன்றாம் தரம் வாசிக்கும்போது, "பாட்டை எடும்" என்கிற மாதிரி அந்த வெறுங்கதிரையைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார்.

முன்வரிசையில் நூர்தீன் நானா. கிண்ணியாவில் பெயர்போன கல்யாணப் பாட்டுக்காரர். அண்ணர் அதிகம் வாசித்தது அவருக்குத்தான்.

"இராசேந்திரம்! ஒங்கட பாட்டுக்காரன் பெரிய ஆள் போல... இன்னும் வந்து சேரல்ல!"

பாக்கியம் அக்கா எழுந்தே விட்டார். "இஞ்சேருங்கோ! நீங்கள்தான் பாடவேணும்!"

அண்ணர் நாக்கைக் கடித்தார். மண்டபம் முழுவதும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்கு முன்பே எழும்பி வந்து, கதிரையில் இருந்து, பாடத் தொடங்கினார்.

பாலம் கட்டுவதற்கு முந்தைய காலத்தில், கிண்ணியாத் துறையில் படகுக்குக் காத்து நிற்பவர்களைப் பற்றிய பாட்டு. மீன் கூடைக்காரி, மாப்பிள்ளை வீட்டார், கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்க்கும் ஓர் ஆட்டுக்கடா... எல்லோரும் அக்கரையில் நிற்கும் படகைக் கூப்பிடுகிறார்கள். ஆளுக்கொரு குரல். அத்தனையும் அவரே.

குரல் சற்றுக் கரகரப்புத்தான். ஆனால் ஒருவரும் எழும்பவில்லை.

நூர்தீன் நானா இரண்டாவது அடியிலேயே கதிரைக் கையில் தாளம் போடத் தொடங்கிவிட்டார். அவர் பாட அண்ணர் வாசித்ததைத்தான் அதுவரை கண்டிருந்தேன்.

அதன் பிறகு கப்பல்துறை, மூதூர், நேற்று வெருகல்... கூப்பிட்ட இடமெல்லாம் போய்ப் பாடினார். சந்தோஷமாகப் பாடினார். ஆகவே பகிர்பவர்கள் தயவுசெய்து "பாடகர் இராசேந்திரம்" என்று போடவும்.

அந்த முதல் நிகழ்ச்சி முழுவதும் அக்காவின் ஃபோனில் இருக்கிறது. யூடியூப்பில் ஏற்றுவதற்கு முன்னர் தொடக்கத்தை வெட்டிவிடலாம் என்று அண்ணரிடம் சொன்னேன்.

"ஏலாது. சனம் சிரிச்சுக்கொண்டு இருந்ததெல்லே... அது கிடக்கட்டும்."

இன்று பின்னேரம் வீட்டில் அந்தப் பதிவைப் போட வேண்டும் என்று அக்கா கேட்டிருக்கிறார். "ஆரும் அழத் தொடங்க முதல், அவர் ஒருக்காப் பாடட்டும்." நூர்தீன் நானாவும் வருகிறார்.

வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்னிசை மூன்று தரம் வரும். பதிவில் கோளாறு என்று எண்ணி யாரும் எழும்ப வேண்டாம். கொஞ்சம் பொறுத்திருங்கள்... அவர் பாடுவார்.

போய் வாருங்கள், அண்ணர்.

நான் இப்போது ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு லிங்கநகருக்குப் புறப்படுகிறேன். அறிவிப்பு இன்றும் நான்தான். பெயரை இரண்டு தரம் வாசிப்பேன். முதல் தரம் கொஞ்சம் சத்தமாக.