உதிரவெளியில் கிடந்தவள்

கண்ணாத்தாள் கல்யாணமாகி நீடாமங்கலத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தபோது, சீர்வரிசையோடு ஒரு பையனும் வேனிலிருந்து இறங்கினான். மூக்கு ஒழுகிக்கொண்டு, அக்காவின் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். தம்பியை அவள் யாரிடம் விட்டுவிட்டு வருவாள்? "பொண்ணு கேட்டோம், புள்ளையையும் சேத்து அனுப்பிட்டாங்கடியோய்" என்று மாமியார்க்காரி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். கண்ணாத்தாளும் சேர்ந்து சிரித்தாள். தம்பி புகழேந்தி என்றால் அவளுக்கு உயிர். அந்த உயிர் பின்னால் செய்த காரியத்தைச் சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன்.

அவள் புருஷன் இராஜாங்கம் நல்ல மனுஷன். சென்னையோடு போய்விட்ட அமிர்தலிங்கத்தின் பத்து மா நிலத்தை, மூணு ஏக்கர் சொச்சம் வரும், குத்தகைக்குச் செய்துவந்தான். ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவன், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே அடங்கிவிட்டான். அதற்குப் பிறகு அந்த வயல்தான் அவளுக்குப் புருஷன், பிள்ளை எல்லாம். அதில் விளைந்ததை வைத்துத்தான் தம்பியைத் தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படிக்கவைத்தாள்.

குத்தகை என்றால் எழுத்து ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. வயலில் பயிர் நிற்கிறவரைக்கும் குத்தகைக்காரரை நிலத்தைவிட்டு எவரும் எழுப்ப மாட்டார்கள். அதனாலேயே கண்ணாத்தாள் வயலை ஒரு பருவமும் வெறுமனே போட்டதில்லை. குறுவை முடிந்தால் சம்பா. சம்பா அறுக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாலேயே, நிற்கிற கதிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவாள். நெல் அறுத்து எடுக்கும்போது கீழே உளுந்து முளைவிட்டிருக்கும். அவள் வயல் பக்கம் யார் போனாலும், "வாங்க, ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று தூக்குவாளியைத் திறந்துவிடுவாள். குடிக்காமல் நகர முடியாது. அவள் விட மாட்டாள்.

இன்ஜினியரிங் முடித்த புகழேந்தி வேலை தேடிச் சென்னையில் கொஞ்ச காலம் சுற்றினான். கடைசியில் சினிமா கம்பெனிகளுக்கு இடம் பார்த்துக் கொடுக்கிற வேலையில் ஒட்டிக்கொண்டான். போன தை மாதம், உளுந்து விதையை அவள் முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருக்கும்போது வந்தான்.

"அக்கா, இந்த வருஷம் உளுந்து தெளிக்க வேணாம்."

"ஏன்டா?"

"நம்ம வயல்ல ஷூட்டிங். செல்போன்ல பாக்குற தொடர். இந்த உலகமே இல்லக்கா, வேற உலகம். மூணு நிலா, பறக்குற யானை, ராட்சசப் படை எல்லாம் இருக்கு. அதுல உதிரவெளின்னு ஒரு போர்க்களம். ராட்சச ராஜா செத்து விழுந்த எடம். அவன் சாபத்துல ஆயிரம் வருஷமா அங்க ஒரு புல்லுகூட மொளைக்கலையாம்."

"நம்ம வயல்லயா புல்லு மொளைக்காது? களை பறிச்சு மாளல எனக்கு!"

"அதுக்குத்தான் மேல செவப்பா கிராவல் மண்ணு கொட்டுவாங்க. முடிஞ்சதும் சுரண்டி எடுத்துட்டுப் போயிருவாங்க. நான் இருக்கேன்ல?"

நான் இருக்கேன்ல. அந்த வார்த்தைக்கு மேல் அவளுக்கு என்ன வேண்டும்? புடைத்த உளுந்தை மறுபடியும் பானையில் கொட்டி மூடிவிட்டாள். பைத்தியக்காரி.

பங்குனியில் ஷூட்டிங் வந்தது. டிப்பர் லாரிகள் கிராவலைக் கொட்டிப் பரப்பின. வாய்க்கால் ஓரமாக ஒரு மா மட்டும், கேமரா கண்ணுக்கு எட்டாத மூலை என்பதால், தப்பியது. மற்ற இடமெல்லாம் செக்கச்செவேலென்று கிடந்தது. உடைந்த தேர்கள், தெர்மாகோலில் செய்த ராட்சசத் தலை, எரிந்த கொடிகள். ஊரே வரப்பில் நின்று வாயைப் பிளந்தது. நானும்தான்.

"வெயில்ல நீ அந்தப் பக்கம் வந்துராத அக்கா" என்று புகழேந்தி சொல்லிவைத்திருந்தான். அக்கறை என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் மோர் கொடுக்காமல் இருக்க முடியுமா? தூக்குவாளியோடு போனவளை உதவி டைரக்டர் மேகலா பிடித்துக்கொண்டாள். பிணமாகப் படுக்க ஆள் குறைகிறதாம்.

"அம்மா, சும்மா கண்ண மூடிப் படுத்தா போதும்மா. ப்ளீஸ்ம்மா."

"என் வயல்ல நான் படுக்குறதுக்கு என்னம்மா ப்ளீசு?" என்று சிரித்துக்கொண்டே போனாள். தலையில் இரும்புக் கவசம் மாதிரி ஒன்றை மாட்டினார்கள். முகமெல்லாம் சிவப்புச் சாயமும் சேறும் பூசினார்கள். பெற்ற தாய் வந்தாலும் அடையாளம் தெரியாது. "ஷாட்டுக்கு நடுவுலகூட அசையாதீங்கம்மா. எடம் மாறினா படத்துல தப்பாத் தெரியும்" என்றாள் மேகலா. சரி என்று வாக்குக் கொடுத்துப் படுத்தாள்.

ஒரு ஷாட் முடிந்து, அடுத்ததற்குக் கேமராவை மாற்றிக்கொண்டிருந்தார்கள். பிணங்கள் கிடந்த இடத்தில் கிடந்தன. இரண்டு பேர் பேசிக்கொண்டே வந்து அவள் தலைமாட்டில் நின்றார்கள். ஒரு குரல் புதுசு. இன்னொன்று அவள் தாலாட்டித் தூங்கவைத்த குரல்.

"தோ, இந்தப் பொணம் கெடக்குல்ல சார், இதுலேர்ந்து அந்தப் பனைமரம் வரைக்கும் ரோடு. ரெண்டு பக்கமும் மனை. கிராவல் கொட்டியாச்சு. பாதி வேல சினிமாக்காரன் செலவுலயே முடிஞ்சுது."

"குத்தகைக்காரங்க தகராறு பண்ண மாட்டாங்களே?"

"எங்கக்காதான் சார். பயிர் நின்னாத்தானே பேச்சு? உளுந்து தெளிக்க வேணாம்னேன், தெளிக்கல. நான் சொன்னா கேக்கும்."

அடப்பாவி! கேட்டாள்தான், படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து அவன் சட்டையைப் பிடித்திருக்கலாம். எழவில்லை. அசைய மாட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டாளே, அந்த ஒரு வார்த்தைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. "சூப்பர்ம்மா, அப்படியே இருங்க" என்று மேகலாவின் குரல் தூரத்திலிருந்து கேட்டது.

கட் சொன்னதும் எழுந்து நேரே தம்பியிடம் போனாள். அவன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "பொணமெல்லாம் பந்தலுக்குப் பின்னால போங்கம்மா, சாப்பாடு அங்க" என்றான்.

அவள் கவசத்தைக் கழற்றினாள்.

"அக்கா! நீ எப்ப வந்தே?"

"நீ என் மேல ரோடு போட்டியே, அப்பவே இங்கதான்டா கெடந்தேன்."

அவனுக்கு முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் படித்த பிள்ளையாயிற்றே, உடனே பேச்சு வந்துவிட்டது. "எத்தன நாளைக்குக்கா சேத்துலயே கெடப்பே? ஒன் பேர்ல ஒரு மனை எழுதச் சொல்லியிருக்கேன்."

"எதுக்குடா, என்னயப் பொதைக்கவா?"

வீட்டுக்கு வந்து அமிர்தலிங்கத்துக்குப் போன் போட்டாள். அவர் குரலில் உண்மையாகவே ஆச்சரியம் இருந்தது. "என்னம்மா இப்படிக் கேக்குறே? ஒனக்கு ஒடம்பு முடியல, வயலை நீயே விட்டுக் குடுத்துட்டேன்னு ஒந்தம்பிதானே வந்து சொன்னான். அதுக்கப்புறந்தான் நான் மனை போடுறவங்ககிட்ட கை நீட்டி அட்வான்ஸ் வாங்கினேன்." அவள் போனை வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். வயல் போனதுகூட ஒரு பக்கம். அவள் சொல்லாத சொல்லை அவள் வாயில் வைத்து விற்றிருக்கிறான். அதுதான் அவளைத் தின்றது. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று ஊர் ரெண்டு நாள் பேசிவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விட்டது.

கிராவலை யாரும் சுரண்டவில்லை. ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. எல்லாரும் குறுவைக்கு நாற்று விட்டபோது, கண்ணாத்தாளும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தப்பிக் கிடந்த அந்த மூலையைத் தனியாளாகக் கொத்தி, தண்ணீர் கட்டி, சேறாக்கி விதை விட்டாள்.

"நாத்து விட்டு எங்க நடப்போறே? கிராவல்லயா?" என்று நானே கேட்டேன்.

"பயிர் நின்னாத்தானே பேச்சுன்னான். நிக்கட்டும்" என்றாள்.

நாற்று விரல் உயரம் பச்சையாகக் கிளம்பிய நேரத்தில், அந்த மூலையையும் மேடாக்க டிப்பர் லாரி வந்தது. ஓட்டிவந்தவர் குடவாசல் இப்ராஹிம். பக்கத்தில் பைக்கில் புகழேந்தி.

"அக்கா, தள்ளிக்க. வீணா ஊரைக் கூட்டாத."

அவள் தூக்குவாளியை வரப்பில் வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்றங்காலில் இறங்கி, சேற்றில் மல்லாந்து படுத்தாள். எப்படிப் படுக்க வேண்டும் என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தார்களே. ஆனால் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. தம்பியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

இப்ராஹிம் பிரேக்கை மிதித்தார். புகழேந்தி ஒரு தரம் அக்காவைப் பார்த்தான், ஒரு தரம் செல்போனைப் பார்த்தான். பிறகு லாரியைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"நிறுத்தாதீங்க பாய், பின்பக்கமா எடுத்துட்டு வாங்க. கிட்ட வந்தா எந்திரிச்சுரும். எனக்குத் தெரியும்."

நான் வரப்பில்தான் நின்றேன். என் காதால் கேட்டேன்.

இப்ராஹிம் இன்ஜினை அணைத்தார். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். "தம்பி, நான் மண்ணு கொட்ட வந்தவன்" என்று மட்டும் சொன்னார். சேற்றில் கால் வைத்துப் போய்க் கையை நீட்டினார். "எந்திரிங்கக்கா. வண்டி இனி நகராது."

எழுந்தாள். முதுகெல்லாம் சேறு. படுத்த இடத்தில் சாய்ந்துபோன நாற்றைக் குனிந்து விரலால் நிமிர்த்திவிட்டாள். வரப்புக்கு வந்து தூக்குவாளியைத் திறந்து, மூடியில் மோரை ஊற்றி இப்ராஹிமிடம் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். நான் குடித்துவிட்டு மூடியை அவளிடம் நீட்டினேன்.

புகழேந்தி கிட்டே வந்தான். உச்சி வெயில், உதடு காய்ந்திருந்தது. "அக்கா" என்று கையை நீட்டினான்.

மோர் இன்னும் பாதி இருந்தது. அவள் மூடியை உதறி, தூக்குவாளியை அழுத்தி மூடினாள்.