பக்கெட்டில் வந்த பவளப்பாறை

பவளப்பாறை ஆராய்ச்சி என்பது, சாகக் கிடக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் உயரம் எடையெல்லாம் அளந்துகொண்டிருக்கும் உத்தியோகம். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த உத்தியோகத்தை நான் அடையாறில், ஒரு மாடி லேபில் பார்த்தேன். தூத்துக்குடிக்கு அப்பால் ஒரு சின்னத் தீவைச் சுற்றி இருந்த பவளப்பாறைதான் என் வேலை. அந்தப் பக்கத்து மீனவர்கள் அதைப் 'பார்' என்பார்கள். அதை வெட்டி வெட்டி வள்ளத்தில் ஏற்றிச் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். எப்படியாவது அதை நிறுத்தவேண்டும், எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரு நல்ல காரியத்துக்காக நீங்களும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினவரா? அப்படியானால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

மீனா, செடியா?

நந்தனத்தில் ஓர் அதிகாரி. நல்ல மனிதர், காபியெல்லாம் வரவழைத்துக் கொடுத்தார். பாறை வெட்டுவதை நிறுத்த உத்தரவு போடவேண்டும் என்றேன். "அது மீனா?" என்றார். இல்லை. "செடியா?" இல்லை. "அப்போ கல்லு. கல்லு வெட்டத்தான் அனுமதி கொடுத்தாச்சே!" என்று ஃபைலை மூடினார்.

கல் இல்லை சார், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற குட்டிப் பிராணிகள் சேர்ந்து கட்டின வீடு, இன்னும் உள்ளே குடியிருக்கின்றன, அந்த வீடு போனால் மீனும் போய்விடும் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்: "உசிர் இருக்குங்கறீங்க. சரி, கொண்டுவந்து காட்டுங்க. நான் மேலே எழுதறேன்."

தூத்துக்குடி ரயில்

ஓடினேன். தீவுக்கு என்னை வழக்கமாக வள்ளத்தில் கூட்டிப்போகும் அந்தோணி மூழ்கி, ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தார். தேன் நிறம், நுனியெல்லாம் ஊதா. பக்கெட்டில் கடல்தண்ணீர் ஊற்றி, அதை உள்ளே வைத்து, பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டி வருகிற மாதிரி ரயிலில் கொண்டு வந்தேன். எதிர் சீட்டில் மாம்பலத்து மாமி ஒருவர். என்ன அது என்று கேட்டார். விளக்கிச் சொல்லத் தெம்பில்லாமல், கடல்கல் என்று சொல்லிவைத்தேன்.

வண்டியில் வெக்கையான வெக்கை. விழுப்புரம் வருவதற்குள் தண்ணீர் கலங்கி, கோழை கோழையாக மிதந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன், அழுகை வந்தது. மாமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்: "கல்லுன்னேளே, மீன் மார்க்கெட்டுன்னா நாறறது!"

கண்ணையா செய்த உதவி

எழும்பூரில் இறங்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கல் எங்கேயாவது நாறுமா? செத்து நாறுகிறது என்றால் உயிரோடு இருந்தது என்றுதானே அர்த்தம்! இந்த நாற்றத்தை அப்படியே அதிகாரி மேஜையில் வைத்துவிட்டால் போதும், வேறு சாட்சியே வேண்டாம். பக்கெட்டை லேபில் வைத்துவிட்டு, குளித்துச் சட்டை மாற்ற வீட்டுக்குப் போனேன். நெடுநாளைக்குப் பிறகு பசித்தது, நன்றாகச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தால் லேப் முழுக்க மருந்து வாடை. எங்கள் அட்டெண்டர் கண்ணையா தங்கமான ஆள், அன்றைக்கென்று பார்த்துச் சொல்லாமலே வேலை செய்திருந்தார். பக்கெட்டில் இருந்தது உப்புக்கட்டி மாதிரி வெள்ளை வெளேரென்று மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "பிளீச்சிங் பவுடர்ல ஊறப் போட்டேன் சார். நாத்தம் போயே போச்சு. இப்ப பாரு சார், இன்னா பளிச்சுனு கீது!"

டொக் டொக்

இன்னொரு துண்டு எடுத்து வரலாம் என்றால், பயணத்துக்கு லேபில் அனுமதி கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் அந்த வெள்ளையையே எடுத்துக்கொண்டு நந்தனம் போனேன். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அதிகாரி பேனாவால் அதை டொக் டொக்கென்று தட்டிப் பார்த்தார். "கல்லுதானே சார்! ஆனா அழகான கல்லு. எங்க வீட்டு ஷோகேஸுக்கு ஒண்ணு கிடைக்குமா?"

கைலாசம்

வீட்டுக்குக் கொண்டு வந்து ஒரு மூலையில் போட்டேன். நவராத்திரிக்கு என் மனைவி கமலா அதைத் தேடி எடுத்து, கொலுப் படிக்குக் கீழே கைலாச மலையாக வைத்துவிட்டாள். மேலே ஒரு சின்ன சிவன் பார்வதி, அடிவாரத்தில் இரண்டு பிளாஸ்டிக் மான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், யார் கவனித்தார்கள்? சுண்டலுக்கு வந்த எதிர்வீட்டு அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு கமலாவிடம் கேட்டாள்: "எந்தக் கடைல வாங்கினீங்க? பாண்டி பஜாரா?"

அந்தோணி வந்தார்

அடுத்த கொலுவின்போது வாசலில் அந்தோணி நின்றார், கையில் ஒரு பை. ஊரில் வலையில் மீன் விழுவதில்லையாம். சரி, கல்லையாவது வெட்டுவோம் என்று அவரும் காளவாய்க்கு வெட்டப் போயிருக்கிறார். இப்போது அதுவும் முடிந்து, மெட்ராஸில் வாட்ச்மேன் வேலை ஏதாவது கிடைக்குமா என்று வந்திருக்கிறார். அவர் வெட்டினார் என்றதும் எனக்குக் கோபம் வந்தது. அவர் கன்னத்தைப் பார்த்தேன், ஒட்டிப்போயிருந்தது. கோபம் வந்த வழியே போய்விட்டது.

கமலா கொடுத்த சுண்டலைச் சாப்பிட்டுக்கொண்டே கொலுவைப் பார்த்தவர், சட்டென்று தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே போனார். மானை ஓரமாக நகர்த்தி, அந்த வெள்ளைத் துண்டைத் தடவிப் பார்த்தார். "சார், இது நான் முங்கி எடுத்துக் குடுத்ததுல்லா? அங்க இப்ப வெறும் மணலுதான் கெடக்கு சார். நம்ம பாருல மிச்சம் இது ஒண்ணுதான்."

இத்தனை வருஷ ஆராய்ச்சியில் நான் காப்பாற்றிய பவளப்பாறை மொத்தமும் அவ்வளவுதான், அதையும் நவராத்திரிக்கு வந்தால்தான் பார்க்கலாம், மற்ற நாளெல்லாம் பரண்மேல் பழைய வேட்டியில் சுற்றிக் கிடக்கிறது.