ஒரசல் என்று சொல்லிக்கொடுத்தவன்

யுத்த காலம். குன்னம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு நான்தான் விஞ்ஞான வாத்தியார். அரியலூரிலிருந்து போன புதுசு, வாய் கொஞ்சம் அதிகம். புத்தகத்தில் 'உராய்வு' என்று போட்டிருந்தது. ஒரு பயலுக்கும் விளங்கவில்லை.

"அட, ஒரசல்னு வச்சுக்குங்கடா! வழுக்குமரத்துல ஏன் விளக்கெண்ணெய் தடவுறாங்க? ஒரசல் போயிடும். உள்ளங்கையில மண்ணைத் தேச்சுக்கிட்டா ஒரசல் திரும்பி வந்துடும்" என்றேன். வகுப்பே கலகலத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சொன்னதைச் செய்து பார்த்தவன் ஒருத்தன்தான், பண்ணையாள் ஒருவரின் மகன். உறியடித் திருவிழா அன்று இடுப்பில் மண்ணை முடிந்துகொண்டு, கையிலும் காலிலும் தேய்த்துத் தேய்த்து வழுக்குமரத்தின் உச்சிக்கே போய், அங்கே பரிசாகக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டான். துணிக்கு அல்லாடிய நாளில் புது வேட்டி! அதற்குச் சற்று முன்னால்தான் பண்ணைக்காரர் மகன் பாதி மரத்திலிருந்து சறுக்கி விழுந்து, ஊரே சிரித்திருந்தது.

பண்ணைக்காரர் விறுவிறுவென்று வந்தார். "எப்படிடா ஏறின?"

பயல் என்னைப் பார்த்துச் சிரித்தான். வகுப்பில் பதில் சொல்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, "எல்லாம் ஒரசல்தாங்க" என்றான்.

"யாருகிட்டடா ஒரசுற?" பளாரென்று ஓர் அறை. வேட்டியையும் பிடுங்கிக்கொண்டார்.

'ஐயா, அது பாடங்க, நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைங்க.' இவ்வளவுதான் நான் சொல்லவேண்டியது. வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? பள்ளிக்கூடம் நடந்ததே அவர் கொடுத்த கட்டடத்தில். வேலை போய்விடுமோ என்று பயம். கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன், வெட்கங்கெட்டவன்.

மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே பயல் வந்து நின்றான். கன்னம் வீங்கியிருந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பான் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் தேவலை.

"சார், பாடத்தை நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டனா?"

பண்ணைக்காரர் மகன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆமாண்டா. தப்பாத்தான் புரிஞ்சுக்கிட்ட" என்றேன்.

"மன்னிச்சிடுங்க சார். எனக்குப் படிப்பு ஏறல போலிருக்கு" என்றான். வகுப்புக்குள் நுழையாமலே காட்டு வேலைக்குப் போய்விட்டான். நான் கூப்பிடவும் இல்லை.