குளத்தங்கரையில் இல்லாத ஆக்கள்

நாங்கள் குடியிருந்தது யாழ்ப்பாண நகரத்தின் ஓரத்தில், ஒரு குளத்தங்கரையில். அரச காணி. சொந்த நிலம் இல்லாதவர்களும் நகரத்து வாடகை கட்டுப்படியாகாதவர்களும் போட்ட இருபது தகரக் கொட்டில்கள். நான் மேசன். அப்போது உடுவிலில் வெளிநாட்டில் குடியேறிய எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு ஆறு அறை வீடு கட்டிக்கொண்டிருந்தேன். வருசத்தில் பத்து நாள் வந்து நிற்பார். மிச்ச நாளில் அறைகள் இடநெருக்கடி இல்லாமல் வாழும்.

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வதிவிடச் சான்று கேட்டார்கள். நானும் மனைவியும் அதைக் கொடுக்கும் கிராம அலுவலரான விதானையாரின் கந்தோருக்குப் போனோம்.

"தம்பி, அங்கை ஒருதரும் இல்லையே," என்றார்.

"ஐயா, எட்டு வருசமா இருக்கிறம்."

"இருக்கிறியள்தான். ஆனா பதிவிலை இல்லை."

"அப்ப மழைக்கு ஒழுகிறது ஆரின்ரை வீடு?" என்றாள் மனைவி. அவர் கண்ணாடியைத் துடைத்தார். தேர்தல் காலத்தில் மட்டும் எங்கள் ஒழுங்கைக்குள் வர எல்லாருக்கும் வழி தெரிந்துவிடும்.

அடுத்த மாதம் பதிவுத் தபால் வந்தது. சட்டவிரோதமாகக் குடியிருக்கும் நாங்கள் முப்பது நாளுக்குள் காணியை விட்டு எழும்ப வேண்டுமாம். மனைவி வாசற்படியில் இருந்து அழுதாள். அழுதுகொண்டே உறையைத் திருப்பிப் பார்த்தாள். என் முழுப்பெயர், ஒழுங்கை, கொட்டில் இலக்கம், ஒரு எழுத்துப் பிழையும் இல்லை.

விடிந்ததும் அதைக் கொண்டுபோய் விதானையாரின் மேசையில் வைத்தாள்.

"பிள்ளை, இது உங்களை எழும்பச் சொல்லுற கடிதம்."

"ஓம் ஐயா. இல்லாத ஆக்களை எப்பிடி எழும்பச் சொல்லுவினம்?"

அவர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு, மனுசன் சிரித்தபடியே படிவத்தை எடுத்து முத்திரை குத்தினார். மகள் பள்ளிக்கூடம் போனாள். ஒழுங்கை முழுவதும் கடிதங்களோடு கந்தோருக்கு ஓடியது. வெளியேற்றக் கடிதத்தை இவ்வளவு ஆசையாய்க் காத்திருந்து வாங்கிய சனத்தை நான் வேறெங்கும் காணவில்லை.

முப்பதாம் நாள் ஒருவரும் வரவில்லை. அதற்கு அடுத்த கிழமை இயந்திரத்தோடு வந்தார்கள். ஆறு கொட்டில்களை இடித்து முடித்தபோது பெருமழை பிடித்தது. சேற்றில் இயந்திரம் புதைந்தது. அதை இழுத்தெடுக்க எங்களைத்தான் கூப்பிட்டார்கள். ஒருதரும் அசையவில்லை. மிச்சக் கொட்டில்கள் இன்னும் நிற்கின்றன.

இடிபட்ட வீட்டுக்காரரில் ஒரு குடும்பம் இப்போது எங்களோடு. நடுவில் மனைவியின் சேலைதான் சுவர். எங்கள் மகளும் அவர்களின் பிள்ளையும் ஒரே பாயில் படுத்து, போர்வைக்குச் சண்டை பிடிக்கிறார்கள்.