மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் பொட்டு

தாண்டவராயனின் கட்டைவிரல் இடது பக்கப் பச்சைப் பட்டனை அழுத்திவிட்டு விலகியது. பட்டன் மேலே எழவில்லை. அழுந்தியது அழுந்தியபடியே கிடந்தது. சுற்றிலும் காய்ந்து வெடித்திருந்த சந்தனத்தை நகம் சுரண்டியது. அடியில் எலுமிச்சைச் சாறும் குங்குமமும் கலந்து கோந்துபோல ஒட்டிற்று. கைகள் ஸ்குரு டிரைவரைத் தேடின. சட்டைப் பையில் மூன்று பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் கனத்தன. அவை பையில் இருக்கும்வரை தகடு அடிக்கும் இந்த பிரஸ்ஸை யாராலும் ஓட்ட முடியாது.

"இன்னாண்ணா இது! விஜயதசமியும் அதுவுமா பொட்ட அழிக்கிற?"

குரல் பாஞ்சாலியுடையது. மூன்றாம் நம்பர் பிரஸ்ஸை ஓட்டுபவள் அவள். முந்தின நாள் ஆயுத பூஜையில் அதற்குச் சந்தனம் பூசியவளும் அவள்தான்.

தாண்டவராயன் உடனே நிமிரவில்லை. குனிந்தால் நிமிர நேரமெடுக்கும் முதுகு அது. சுங்குவார்சத்திரம் போகிற சாலையோரம், லாரிகளுக்குத் தகட்டுச் சாமான் அடித்துக் கொடுக்கும் அந்தச் சின்னக் கம்பெனியில் அவர் ஃபிட்டர். மணிமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, மற்றவர்களுக்கு முன்னால் வந்துவிடுவார். வந்ததும் ஒவ்வொரு மெஷினிலும் ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, அது திரும்பி வருகிறதா என்று நின்று பார்ப்பார். யாரும் சொல்லிச் செய்வதில்லை. 'பட்டன் ராயர்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஐ.டி.ஐ. வாசலை அவர் மிதித்ததில்லை. அம்பத்தூரில் ஒரு பட்டறையில் எண்ணெய் துடைக்கச் சேர்ந்து, மற்றவர்கள் பிரிப்பதைப் பார்த்துப் பார்த்துப் பூட்டக் கற்றவர். அங்கே சுப்பன் என்று ஒரு கூட்டாளி. பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். கைகள் பட்டன் மேல் இருந்தால் அச்சுக்கடியில் இருக்காது என்பதுதான் கணக்கு. வேலை வேகமாக ஓடட்டும் என்று சுப்பன் ஒரு பட்டனில் தீக்குச்சியைச் செருகிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டினான்; மறு கை அச்சுக்கடியில் போயிற்று. அதன் பிறகு மதியச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கச் சொல்லி அவன் தாண்டவராயனிடம்தான் நீட்டுவான்.

தீக்குச்சி செய்ததைச் சந்தனமும் செய்யும். வருஷாவருஷம் பூஜைக்கு முன்பே, "பட்டன் மேல மட்டும் வேணாம்மா" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லுவார். தலையாட்டுவார்கள், பிறகு அங்கேதான் அப்புவார்கள், கை படுகிற இடமாயிற்றே என்று. இந்த வருஷம், தொண்ணூற்றொன்றில், அவர் சொல்லவில்லை. சொல்வதைவிடத் துடைப்பது சுலபம் என்று தோன்றிவிட்டது. அலுப்பு.

"எங்க வூட்டுக்காரரு இந்நேரம் சாரத்து மேல நின்னு கல்லு வச்சினு இருக்காரு. இன்னைக்கிப் பாத்து பொட்ட அழிச்சா நான் இன்னான்னு நெனைக்கிறது?" என்றாள் பாஞ்சாலி.

அதற்குள் சூப்பர்வைசர் ராஜாமணி வேட்டியும் விபூதியுமாக ஓடி வந்தார். அவரும் இதே லைனில் பிரஸ் ஓட்டி மேலே வந்தவர்தான்.

"யோவ், நல்ல நேரம் முடியப்போவுது. மொதலாளி காரு கேட்டாண்ட வந்தாச்சு. மொத பீஸு பாஞ்சாலி கையாலதான்னு அவரே சொல்லிக்கிறாரு. ரெண்டு பீஸு அடிச்சிட்டு அப்பால தொடச்சிக்கலாம், வா."

"ரெண்டு பீஸுக்கு அவ எத்தினி கை வச்சிக்கிறா?" என்றார் தாண்டவராயன்.

ராஜாமணி கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

தாண்டவராயன் சற்று நகர்ந்து இடம் விட்டார். "நீயே அமுக்கிப் பாரும்மா. கரண்டு இல்ல, பயப்படாத."

அவள் அழுத்திக் கையை எடுத்தாள். பட்டன் வரவில்லை. வலது பக்கத்தையும் அழுத்திப் பார்த்தாள். அது டக்கென்று எழுந்தது.

"இப்ப வலது கை பட்டாலே எறங்கிடும். உன் இடது கை எங்க இருக்கும்?"

"தகட்ட நேர் பண்ணினு..." அவள் சட்டென்று இடது கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "நாந்தான் தாராளமா அப்பிட்டேன். என் மெஷினாச்சேன்னு," என்றாள்.

"பொட்டு எங்க வப்பாங்க?"

"நெத்தியில."

"இதோட நெத்தி அதோ மேல கீது. இது நீ கை வக்கிற எடம்."

அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. "இரு, இன்னும் தொடாத," என்று ஓடிப்போய்க் குங்குமத் தட்டை எடுத்து வந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, எந்தக் கையும் போகாத உச்சிச் சட்டத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். இறங்கி வந்து, "இப்ப அழி. ஒரு நிமிசம்கூட பொட்டில்லாம நிக்கல," என்றாள்.

இத்தனை வருஷத்தில் இது தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று தாண்டவராயன் நினைத்தார். அதற்காகச் சந்தோஷப்படவும் தெம்பில்லை. பட்டனைக் கழற்றி, ஸ்பிரிங்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தரம் துடைத்தார். முதலாளி வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் போய்விட்டது என்று யாரோ சொன்னது கேட்டது. ராஜாமணி அடுத்த மெஷின் பட்டனை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடியைப் பூட்டிக் கடைசி ஸ்குருவை முடுக்கினார். பாஞ்சாலியையே இரண்டு பட்டனையும் தனித்தனியாக அழுத்தச் சொன்னார். இரண்டும் எழுந்தன. இன்னொரு தரம் அழுத்தச் சொன்னார்.

"மொத அடி வெறும் அடி. அதுக்கப்புறந்தான் தகடு," என்றார்.

"சரிண்ணா."

அந்த ஃபியூஸ் கட்டைகளைத் திரும்ப மாட்டுவது அவர் வேலைதான். ஆனால் அச்சுக்கடியில் யார் கை போகுமோ, அவர்கள் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால்தான் மாட்டுவார். பைக்குள் கைவிட்டு மூன்றையும் எடுத்தார். இவ்வளவு நேரம் நெஞ்சோடு இருந்ததால் வெதுவெதுவென்று இருந்தன. பாஞ்சாலி இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினாள். அவர் ஒவ்வொன்றாக வைத்தார்.